மறுபடி வேகவைத்த சீனாக் கறி

சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருந்த பின்கட்டு வீட்டுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ஆணி அடிக்கக் கூடாது. மாட்டுக்கறி சமைக்கக் கூடாது. முன்கட்டில் வீட்டுக்காரர் குடும்பம் இருந்தது. நூல் வியாபாரம். அவர்களும் ஆடு, கோழி சாப்பிடுகிறவர்கள்தான் என்பதால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. மாடு மட்டும் ஆகாது. எங்களைப் போன்ற வேதக்காரர்களுக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, வீடு விடுகிறபோது அதைத் தனியாகச் சொல்லித்தான் விட்டார்கள். அப்பாவும் தலையாட்டித்தான் சாவியை வாங்கினார்.

முதல் கட்டுப்பாட்டை வீட்டுக்கார அக்காவே ஒருமுறை தளர்த்தினார். அம்மாவுக்கு மாதம் நிறைந்திருந்த சமயம். "தொட்டிலுக்குத்தானே, ஒரு கொக்கி அடிச்சிக்கிடுங்க. எங்க அத்தைகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். அப்பா பட்டறையில் சொல்லிச் செய்த இரும்புக் கொக்கியை உத்தரத்தில் ஏற்றினார். இரண்டாவது கட்டுப்பாட்டை மீறியவர்கள் நாங்கள்.

பாப்பா பிறந்தது, வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைக் குதிரை வண்டியில் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தது வீட்டுக்கார அக்காதான். அப்பா கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தார். பாப்பா கர்த்தரிடம் போய்விட்டது என்று எனக்குச் சொன்னார்கள். அதில் பெரிய விஷயம் இருப்பதாக எனக்குப் படவில்லை. எங்கள் சொந்தத்தில் பலர் பல ஊர்களுக்குப் போயிருந்தார்கள்.

அம்மா பாயில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. கொக்கிக்கு நேர் கீழே மல்லாந்து படுத்துக் கிடப்பாள். கஞ்சி வைத்தால் இரண்டு மடக்கு. மீதியை எறும்பு மொய்க்கும். சபைப் போதகர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். டாக்டர் ரத்தம் கம்மி என்றார். அப்பா விசைத்தறி ஷிப்டு முடிந்து வந்து உலை வைப்பார். ஒருநாள் உப்பு இருக்காது, ஒருநாள் உப்பு மட்டும்தான் இருக்கும். நானும் அப்பாவும் அதைச் சாப்பிட்டோம். பசிக்கும்போது ருசி பார்ப்பது பிற்பாடு எனக்கு மறந்தே போனதற்கு அந்த நாட்கள் நல்ல பயிற்சி.

பொழுது போகாத ஒரு மத்தியானம் நான் கொடிக்கயிற்றை எடுத்து அந்தக் கொக்கியில் மாட்டி ஊஞ்சலாடினேன். அம்மா புரண்டு சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டாள். அப்பா வந்தார், பார்த்தார், அரிவாளால் கயிற்றை அறுத்து முற்றத்தில் எறிந்தார். என்னை அடிக்கவில்லை. ஊஞ்சலுக்கு இவ்வளவு கோபமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் சித்தப்பா வந்து இறங்கினார். அப்பாவின் தம்பி. மீசை முளைக்கும் முன்பே ரயிலேறிக் கல்கத்தாவுக்கு ஓடியவர். அங்கே ஒரு சீனாக்காரர் ஹோட்டலில் தட்டுக் கழுவி, காய் நறுக்கி, கடைசியில் அடுப்புக்கு முன்னால் நிற்கிற அளவுக்கு உயர்ந்திருந்தார். ஒரு தகரப் பெட்டி, அடி குழிந்த பெரிய இரும்புச் சட்டி, தார் போன்ற ஏதோ ஒன்று நிரம்பிய புட்டி, இவ்வளவுதான் அவர் சம்பாத்தியம். சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டே ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தார், வெயிலுக்கு.

அம்மாவைப் பார்த்ததும் தலையிலிருந்த சட்டியை மெல்ல இறக்கி வைத்தார். அப்பாவை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மதினிக்கு என்னதாம்ணே பிடிக்கும்?"

அப்பா யோசித்தார். அம்மா பிறந்தது கடையநல்லூர்ப் பக்கம். அவள் வீட்டில் சனிக்கிழமைதோறும் மாட்டுக்கறிதான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபிறகு அதன் பேச்சையே எடுத்ததில்லை. அப்பா இதைச் சொன்னதும் சித்தப்பா, "அப்ப அதையே பொங்கிப் போடுவோம்" என்றார்.

"ஏலே, வீட்டவிட்டு எறக்கிருவாங்க. அது வேக அரை நாளாவும். வாசம் தேரடி வரைக்கும் போவும்."

"அரை நாளா? ஒரு ஞானப்பாட்டு பாடி முடிக்கதுக்குள்ள எறக்கிருவேன். சீனாக்காரன் அடுப்புன்னா சும்மாவா? வாசம் கதவத் தாண்டுததுக்குள்ள கறி வயித்துக்குள்ள போயிரும்ணே."

அப்பா இப்படிப்பட்ட காரியங்களுக்கு லேசில் இசைகிறவர் அல்ல. ஆனாலும் திரும்பி உள்ளே பார்த்தார். பாயும் அம்மாவும் அப்படியே இருந்ததைப் பார்த்துவிட்டு, "செஞ்சு தொலை" என்றார்.

மறுநாள் காலை ரயிலில் நானும் சித்தப்பாவும் கடையநல்லூர் போனோம். கறிக்கடை பாயிடம் சித்தப்பா முதுகின் உள்பக்கத்துக் கறியாக, நரம்பும் எலும்பும் இல்லாமல் கேட்டார். பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"எலும்பு வேண்டாமா? கொழுப்பும் வேண்டாமா? கறி திங்கப் போறீரா, கறியில சட்ட தைக்கப் போறீராவே?"

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓலைப்பெட்டியில் கறியை வைத்து, அதைப் பைக்குள் இறக்கி, மேலே முருங்கைக்கீரையை நிரப்பிக்கொண்டோம். திரும்பும் ரயிலில் எதிரே இருந்த அம்மாள், "கீரை பைக்குள்ள வாடுதுல்லா, வெளிய எடுத்து வைங்களேன் தம்பி" என்று ஊர் வரும்வரை வற்புறுத்திக்கொண்டே வந்தார். சித்தப்பா கீரைக்கு வெயில் ஆகாது என்று ஒரு வைத்தியமே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் முன்கட்டுப் பக்கத்துக் கதவைச் சாத்தினோம். கறியை ஓலை மாதிரி மெல்லிசாக நறுக்க வேண்டும், அதுவும் இழைக்குக் குறுக்கே என்றார் சித்தப்பா. எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்கு உடனே புரிந்தது; நெடுக்கு நூலான பாவு எது, குறுக்கு நூலான ஊடை எது என்று பார்த்தே பிழைக்கிறவர். கத்தியை வாங்கி அவரே நறுக்கினார். பிறகு சித்தப்பா மாவு கேட்டார். மக்காச்சோள மாவு எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? பாவு நூலுக்குக் கஞ்சி போடும் மரவள்ளி மாவு தறிக்கூடத்தில் இருக்கிறது என்று அப்பா சொல்ல, நான் ஓடிப்போய் வாங்கி வந்தேன். புட்டியிலிருந்த கறுப்பு ரசத்தையும் அந்த மாவையும் போட்டுச் சித்தப்பா கறியைப் பிசைந்தார்.

"நூலுக்குப் போடுத மாவையா கறியில போடுதிய?" என்று பாயிலிருந்து ஒரு குரல் வந்தது. நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம். அம்மா அந்த வாரத்தில் பேசிய முதல் பேச்சு அதுதான். ஆனால் அவள் அதோடு கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள்.

முட்டைக்கோஸ், பீன்ஸ், காரட், பல்லாரி வெங்காயம், இஞ்சி, பூண்டு எல்லாம் நீளநீளமாக நறுக்கித் தயாராக இருந்தன. அடுப்பில் விறகோடு தேங்காய்ச் சிரட்டைகளையும் போட்டுத் தீயை ஆளுயரத்துக்கு எழுப்பினார் சித்தப்பா. சட்டியில் கரண்டி படும் சத்தம் முன்கட்டுக்குக் கேட்காமலிருக்க, என்னைப் பாட்டுப் பாடச் சொன்னார். ஞாயிறு பள்ளியில் படித்த பாட்டை நான் தொண்டை கிழியப் பாடினேன். எண்ணெய் புகைந்தது. கறி விழுந்ததும் சட்டியே சீறியது. கறியை வெளியே எடுத்தார், காயைப் போட்டார், மறுபடி கறியைப் போட்டார், கறுப்பு ரசத்தைச் சுற்றி ஊற்றினார். நான் இரண்டாவது சரணத்தில் இருந்தேன். சட்டி கீழே இறங்கிவிட்டது.

பிறகு நான் ஊர் ஊராகத் திரிந்ததில் பம்பாயிலும் கொச்சியிலும் இப்படிப்பட்ட ஹோட்டல்களில் பாத்திரம் கழுவியிருக்கிறேன். அன்றைக்குச் சித்தப்பா செய்ததில் ஒரு குறையும் இல்லை என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். கறி பளபளவென்று மிருதுவாக இருந்தது. பீன்ஸ் பச்சை மாறவில்லை. வாசமும் அவர் சொன்னதுபோல எங்கள் அடுப்படியைத் தாண்டவில்லை.

அப்பா முதல் தட்டை அம்மாவிடம் கொண்டுபோனார். முதுகுக்குத் தலையணை வைத்துத் தூக்கி உட்கார்த்தினார். அம்மா ஒரு துண்டை எடுத்தாள். வாயில் போடவில்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். விரலால் பிய்த்தாள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது.

"இது வேகல" என்றாள்.

"சீனாக்காரன் இப்படித்தான் மதினி தின்பான். ஒருவாட்டி வாயில போட்டுப் பாருங்க" என்று சித்தப்பா கெஞ்சினார்.

அம்மா என் பக்கம் பார்த்தாள். நான் ஏற்கெனவே ஒரு வாய் நிறைய வைத்திருந்தேன்.

"ஏலே, துப்பு. சீனாக்காரன் தின்பான். எம் பிள்ள வயிறு என்னத்துக்காவும்? மாட்டுக்கறியத் தீயில காட்டி எறக்கி வச்சிருக்கிய. ரெண்டு ஆம்பளையாள் இருந்துக்கிட்டுச் செய்யுத வேலையா இது?"

சொல்லிக்கொண்டே எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவிழ்ந்து கிடந்த முடியை அள்ளி முடிந்தாள். என் தட்டையும் அப்பா கையிலிருந்த தட்டையும் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். எல்லாவற்றையும் ஒரு மண்சட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். அம்மியில் மல்லி, மிளகு, சீரகம், தேங்காய் வைத்து அரைக்க உட்கார்ந்தாள். நடுநடுவே மூச்சு வாங்க நிறுத்தினாள். யாரும் உதவிக்குப் போகத் துணியவில்லை.

அப்பா, "இல்ல, வாசம்..." என்று ஆரம்பித்தார். சித்தப்பா அவர் கையைப் பிடித்து அழுத்தினார். இரண்டு பேரும் அடுப்படிக்கு வெளியே குந்தியிருந்து, அம்மி ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பாடுபட்டுச் செய்த சமையல் கண்ணெதிரே பாழாகிக்கொண்டிருக்க, சித்தப்பாவின் முகத்தில் சிரிப்பு இருந்தது. எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது.

மத்தியானம் முழுவதும் அது கொதித்தது. மெத்தென்றிருந்த கறி முதலில் செருப்புத் தோல் மாதிரி விறைத்து, பிறகு மெல்ல இளகியது. முட்டைக்கோஸ் இருந்த இடம் தெரியாமல் கரைந்தது. வாசம் எங்கள் கதவைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, முன்கட்டுக்குள் போனது.

வீட்டுக்கார அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி வந்து வாசலில் நின்றார். சித்தப்பா துள்ளி எழுந்தார். "கிடாக்கறிக்கா. கொஞ்சம் முத்தல், அதாம் ஒரு மாதிரியா..."

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "பொய் சொல்லாதிய தம்பி. மாட்டுக்கறிதாங்க்கா. நாந்தான் பொங்குதேன்."

அக்கா மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தார். அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"எந்திரிச்சிட்டியாட்டி?"

"எந்திரிச்சிட்டேங்க்கா."

"சாப்பிட்டியா?"

"இனிமேத்தான்."

முன்கட்டிலிருந்து அவருடைய மாமியாரின் குரல் கேட்டது. "என்ன எழவு நாத்தம்ட்டி அங்கன?"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாரா மூக்கைத் துடைத்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. "நல்லாச் சாப்பிடு. நாளைக்கு அவுக வந்து பேசுவாக. எனக்கு அதுல சொல்லதுக்கு இடமில்ல பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சாப்பிட்டாள். மறுசோறும் போட்டுக்கொண்டாள். "சீனாக்காரன் தோத்துட்டான் மதினி" என்றார் சித்தப்பா. "உப்பு மட்டும் சரியாப் போட்டிருந்திய" என்றாள் அம்மா.

மறுநாள் வீட்டுக்காரர் வந்து, குரலை உயர்த்தாமல், மாதம் முடிந்ததும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அப்பா அன்றைக்கே வீடு தேடக் கிளம்பினார்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஓலை வேய்ந்த ஒரு வீடு கிடைத்தது. மழை வந்தால் ஒழுகும், தண்ணீருக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். தட்டுமுட்டுச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றினோம். அப்பா வண்டியை இழுத்துக்கொண்டே ஏதோ பாட்டை முனகினார். சித்தப்பா பின்னாலிருந்து தள்ளியபடி கல்கத்தாக் கதைகளை அவிழ்த்துவிட, அம்மா சிரித்துக்கொண்டே நடந்தாள். கல் வீட்டை விட்டுக் குடிசைக்குப் போகிறவர்கள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரிப் போனது எனக்கு விளங்கவில்லை. நான் ஒருவன்தான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு நடந்தேன்.

புது வீட்டில் சாமான்களை இறக்கும்போது சீனாச் சட்டிக்குள் அந்தத் தொட்டில் கொக்கி கிடந்தது. வீட்டைக் காலி செய்கையில் அப்பா அதைக் கழற்றிக் குப்பைக்குழியில் வீசியதை நான் பார்த்திருந்தேன். யாரோ எடுத்துத் துடைத்து உள்ளே போட்டிருந்தார்கள்.

"ஊஞ்சலுக்கு இத இங்கன அடிச்சுத் தாங்கப்பா" என்றேன்.

"வேண்டாம்லே" என்று சொல்லி அப்பா வேறு பக்கம் திரும்பினார்.

அடுப்புக்குக் கல் கூட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "அடிச்சுக் குடுங்க. பிள்ள ஆடட்டும்" என்றாள்.

அப்பா பெட்டிமேல் ஏறி, பனங்கட்டை உத்தரத்தில் கொக்கியை வைத்து, சுத்தியலை ஓங்கினார். ஓங்கியவர் அப்படியே நின்றார். அம்மா கல் கூட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். ஒரு கொக்கி அடிக்க ஒரு ஆளுக்கு இவ்வளவு நேரமா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கையில் கயிற்றை வைத்துக்கொண்டு, "சீக்கிரம் அடிங்கப்பா" என்று கீழேயிருந்து கத்தினேன்.