அரைக்காமல் தாருங்கள்

மிச்சிக்கோ அன்ரி சென்ற செவ்வாய்க்கிழமை காலையில், பிக்கரிங்கில் உள்ள தமது தொடர்மாடி வீட்டில், நாற்காலியில் இருந்தபடியே காலமானார். செய்தி சொன்னவர் அந்தக் கட்டடத்தின் பராமரிப்பாளர். சமையலறைச் சுவரில் என் கடைக் கலண்டர் தொங்கியதாம். அதிலிருந்த இலக்கத்துக்கு அழைத்திருக்கிறார். "நீங்கள் அவருக்கு என்ன உறவு?" என்று கேட்டார். அந்த நேரம் நான் வேறொரு செத்தவீட்டுக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தேன். "பக்கத்துக் கடை" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஸ்காபரோவில் எங்கள் பிளாசாவுக்கு வந்துபோனவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அன்ரி ஒசாக்காவில் பிறந்தவர். ரொன் என்ற கனேடியரை மணந்து இங்கே வந்தவர். என்னுடைய பூசைச் சாமான் கடைக்கு அடுத்த கதவில் ஜப்பானிய ஊதுபத்தியும் தேநீர்க் கோப்பைகளும் விற்றார். பக்கத்தில் இன்னொரு ஊதுபத்திக் கடை வருகிறது என்றறிந்தபோது எனக்குச் சந்தோசமில்லை. சில வாரங்களில் பயம் தெளிந்தது. அவருடைய ஊதுபத்தியில் புகையும் இல்லை, எங்கள் ஆட்களுக்குத் தேவையான வாசமும் இல்லை. சாம்பிராணி தேடிக் கதவு மாறிப் போனவர்களை அவர் என்னிடம் அனுப்பினார். அப்படி வந்துபோனவர்களிடமே தமிழும் பிடித்துக்கொண்டார். எல்லாரும் என்னை "அண்ணை" என்றதால் அதுதான் என் பெயர் என்று நினைத்து, என்னைவிட இருபது வயது மூத்தவர், கடைசிவரை தங்கள் ஊர் மரியாதைச் சொல்லையும் சேர்த்து "அண்ணை-சான்" என்றே அழைத்தார். திருத்திப் பார்த்தேன். "இல்லை, நல்ல பெயர்" என்று முடித்துவிட்டார்.

அவர் வந்த முதல் தைப்பொங்கலுக்கு ஒரு கிண்ணம் பொங்கல் கொண்டுபோனேன். மரியாதையாக இருக்கட்டும் என்று ஜப்பானியர் சாப்பிடும் சொப்ஸ்டிக் குச்சி இரண்டையும் பொங்கலின் நடுவில் நட்டுக் கொடுத்தேன். அன்ரி கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குனிந்து வணங்கினார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"அண்ணை-சான், நான் இன்னும் சாகேல்லை!"

அவர்கள் ஊரில் செத்தவருடைய தலைமாட்டில்தான் அப்படிச் சோற்றைக் குவித்துக் குச்சியை நட்டு வைப்பார்களாம். குச்சிகளைப் பிடுங்கிப் படுக்க வைத்தார். பொங்கல் முழுவதையும் சாப்பிட்டார். அதற்குப் பிறகு வாகனம் நிறுத்துமிடத்துக்கு எங்களுக்குள் சண்டை வரும்போதெல்லாம், "என்னை உயிரோட அனுப்பப் பார்த்த ஆள் எல்லோ நீங்கள்" என்று வாயை அடைப்பார்.

ஜப்பானின் பழைய மரணச் சடங்குகளைத் தேடிப் படிப்பது அவருடைய பொழுதுபோக்கு. அதைப்பற்றி நூலகத்தில் ஒருமுறை பேசினார். ஏழெட்டுப் பேர் வந்தார்கள், அதில் இருவர் குளிருக்கு ஒதுங்கியவர்கள். என் கடையில் அவருக்குக் கூட்டம் அதிகம். செத்தவீட்டுக்காரர் சாமானுக்குக் காத்து நிற்கும்போது வந்துவிடுவார். செத்தவருக்கு எல்லாவற்றையும் மாற்றிச் செய்வார்களாம். குளிப்பாட்டுவதற்கு வெந்நீரில் தண்ணீர் கலக்காமல், தண்ணீரில் வெந்நீர் கலப்பது. உடுப்பை மறுபக்கமாக மூடிக் கட்டுவது. வடக்கே தலை வைத்துக் கிடத்துவது. ஒரு பெரியவர் இதைக் கேட்டுப் பதறிப்போனார்.

"வடக்கையோ? நாங்கள் அந்தப் பக்கம் தலை வைச்சுப் படுக்கவே மாட்டமே!"

"நாங்களும் மாட்டம். அதாலதான் செத்தவைக்கு வைக்கிறது."

இன்னொரு நாள், தகப்பனுடைய செத்தவீட்டுக்கு வேட்டியா கறுப்பு சூட்டா என்று தாயும் மகனும் என் கடைக்குள் நின்று சண்டை பிடித்தார்கள். அன்ரி நடுவில் புகுந்தார்.

"முந்தி எங்கட ஆக்களும் வெள்ளைதான். பிறகு வெள்ளைக்காரரைப் பார்த்துக் கறுப்புக்கு மாறினவை. தம்பி, எதையும் போடுங்கோ. அப்பா பார்க்கப் போறேல்லை. அம்மாதான் பார்க்கப் போறா."

வேட்டி விற்றது.

ரொன் காலமானபோது தகனசாலைக்கு நான்தான் வாகனம் ஓட்டிப் போனேன். அன்ரி கைப்பையில் இரண்டு சோடிக் குச்சிகள் வைத்திருந்தார். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று மூங்கில், ஒன்று மரம். எதற்கென்று நான் கேட்கவில்லை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்தார்கள். திறந்து, உள்ளிருந்த பையை விரலால் அமத்திப் பார்த்தார்.

"அண்ணை-சான், இது மா."

"சாம்பல் அன்ரி."

"இல்லை. மா. ரொன் எங்கே?"

இந்த நாட்டில் எரித்து முடிந்ததும் எலும்புகளை இயந்திரத்தில் போட்டு அரைத்துத்தான் தருகிறார்கள். கேட்பதில்லை, எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறார்கள். எலும்பைப் பொறுக்க விடுவார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும் என்று அன்ரி நினைத்திருந்தார். யாரைப் பிழை சொல்வது? திரும்பி வரும் வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் எனக்கு அந்த முறையைச் சொன்னார். இரண்டு பேர் ஆளுக்கொரு சோடிக் குச்சியால் ஒரே எலும்பைச் சேர்ந்து பிடித்துத் தூக்கவேண்டும். கால் எலும்பில் தொடங்கி மேலே போகவேண்டும். அப்போதுதான் சாடிக்குள் ஆள் தலைகீழாக நிற்காமல் நேராக இருப்பார். கடைசியாகத் தொண்டை எலும்பு. அது ஒரு மனிதர் தியானத்தில் இருப்பதுபோல இருக்குமாம்.

"உங்கட ஊரில எல்லா எலும்பையும் எடுப்பினமோ?" என்று கேட்டேன். வியாபாரிப் புத்தி, அளவு தெரியாமல் எதையும் விடாது.

"தோக்கியோப் பக்கம் எல்லாம் எடுப்பினம். எங்கட பக்கம் சின்னச் சாடி. கொள்ளுற அளவு போதும்."

பிக்கரிங் வந்து இறங்கும்போது சொன்னார்: "என்னை அரைக்க விடாதேங்கோ, அண்ணை-சான்."

"சரி" என்றேன். கடை வாசலில் சொன்னாலும் வாகனத்துக்குள் சொன்னாலும் சரி என்றால் சரிதான்.

ஊரில், எரித்த பிறகு நடக்கும் காடாற்றுக்கு நாங்களும் பால் தெளித்து எலும்பு பொறுக்கியவர்கள்தான். இங்கே எத்தனையோ குடும்பங்களுக்கு நான் அதற்கான மண்முட்டி விற்றிருக்கிறேன். கொடுத்த பொடியை வாங்கி அதில் கொட்டிக்கொண்டு போனார்கள். அரைக்காமல் தாருங்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்பது எனக்கும் தோன்றியதில்லை.

இந்தக் கிழமை முழுவதும் எனக்கு அழுகை வரவில்லை. களைப்புத்தான். அன்ரிக்கு இருக்கும் ஒரே உறவு ஒசாக்காவில் உள்ள சகோதரன் மகன். விமானம் ஏற முடியாத நோயாளி. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சந்திப்பதற்கே பல அழைப்புகள் எடுத்தன. ஒரு கேள்வி மட்டும் தெளிவாக வந்தது: "எலும்பை எடுப்பீர்களா?" எடுப்போம் என்றேன். அடுத்த நாள் தம் சார்பில் எல்லாம் செய்ய எனக்கு அனுமதி எழுதி அனுப்பினார்.

தகனசாலை மனேஜர் முடியாது என்றார். ஒஷாவாவுக்குப் போகும் வழியில் உள்ள இடம் அது. நல்ல மனிதர், என்னைப்போலவே களைத்த மனிதர்.

"அரைக்காமல் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை. ஆளுயர எலும்பு எந்தச் சாடியில் கொள்ளும்? குடும்பத்தவர் பார்த்து மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு?"

"எல்லா எலும்பும் வேண்டும்" என்றேன். "ஒன்றும் விடமாட்டேன். பெரிய பெட்டி கொண்டுவருகிறேன். பொறுக்கி முடிய எவ்வளவு நேரமானாலும் இருப்பேன்."

அவர் நெற்றியைத் தடவினார். எவ்வளவு நேரமானாலும் என்றது அவரைச் சுட்டுவிட்டது. அடுத்தடுத்துக் குடும்பங்கள் வரும் இடம். வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார்.

"ஒரு சின்னச் சாடி அளவு என்றால் யோசிக்கலாம்."

மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய மனதுபண்ணி இறங்கி வருகிறவன்போலக் கடைசியில் தலையாட்டினேன். அன்ரிக்கு வேண்டியதே அந்தச் சின்னச் சாடிதான்.

அடுத்த சிக்கல் இரண்டாவது சோடிக் குச்சியைப் பிடிக்க ஒரு கை. தனியாக ஒருவர் எடுக்கக்கூடாது. வீட்டுக்கு வந்து மனைவி சாந்தியிடம் சொன்னேன்.

"உங்களுக்கு விசரோ? எங்கட பொம்பிளையள் சுடலைக்குப் போறவையோ? உங்கட சிநேகிதர் ஆரையும் கேளுங்கோ."

கேட்டேன். ஒருவருக்கு முதுகுப் பிடிப்பு. ஒருவருக்குப் பேத்தியின் பிறந்தநாள். இன்னொருவர் தொலைபேசியை எடுக்கவேயில்லை. சாந்தி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு முறுக்கு டின்னையும், அன்ரி எப்போதோ பரிசளித்த குச்சிப் பெட்டியையும் மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

"இருங்கோ. எப்பிடிப் பிடிக்கிறதெண்டு காட்டுங்கோ."

"நீ வாறியோ?"

"அந்த மனுசி எனக்குக் காய்ச்சல் வந்தநேரம் கஞ்சி கொண்டுவந்தவ. உங்கட சிநேகிதரோ கொண்டுவந்தவை? பிடியுங்கோ."

ஒரு முறுக்குத் துண்டை இரண்டு பேரும் இரண்டு பக்கத்தாலும் பிடித்துத் தூக்கினோம். உடைந்தது. இன்னொன்று. அதுவும் உடைந்தது.

"இழுக்காதேங்கோ! கலியாணம் கட்டின நாளிலயிருந்து இதே பழக்கம்."

"நீதான் அமத்துறாய்."

"நான் அமத்தேல்லை. நீங்கள் அவசரப்படுறியள். நான் தூக்கேக்கை தூக்குங்கோ."

மேசை முழுக்க முறுக்குத் தூள். டின் பாதியாகும் வேளையில் ஒரு துண்டு முழுதாக எழும்பியது. இருவரும் மூச்சுவிடாமல் அதைக் கொண்டுபோய் ஒரு கோப்பைக்குள் இறக்கினோம். சாந்தி குச்சிகளை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். நான் மேசையில் கிடந்த தூளைக் கையால் கூட்டினேன்.

மிச்சிக்கோ அன்ரி, வருகிற சனிக்கிழமை நாங்கள் இருவரும் வருவோம். சாந்தி வெள்ளைச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள். எங்களுக்கு உங்கள் மந்திரம் தெரியாது. தெரிந்தது குச்சி பிடிக்கும் கை மட்டும்தான். நேராக இருந்து போய்வாருங்கள்.

மனேஜரோடு நான் ஒப்புக்கொண்டது இது: நெருப்பு ஆறிய பிறகு எலும்புத் தட்டு நேரே எங்களிடம் வரும். சாந்தியும் நானும் மட்டும் உள்ளே. படம் எடுப்பதில்லை. கை சுட்டாலும் மயங்கி விழுந்தாலும் எங்கள் பொறுப்பு. காலிலிருந்து தொண்டைவரை சாடி கொள்ளும் அளவு எங்களுக்கு. மிச்சத்தை மட்டும் அவர்கள் அரைக்கலாம்.