டப்பாக்காவும் கடைசி வீட்டுப் பையனும்

குழந்தைகளின் மலத்தைச் சேகரிப்பதும் ஒரு வேலைதான். சிரிக்க வேண்டாம். அதற்குச் சம்பளம் உண்டு, கழுத்தில் தொங்கவிட அட்டை உண்டு, மழைக்கோட்டுகூட உண்டு. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அந்த வேலையைப் பார்த்தவளை எல்லோரும் டப்பாக்கா என்றே கூப்பிட்டோம். அவள் கொண்டுவரும் டப்பாக்களைத் திறந்து, கலக்கி, கண்ணாடித் துண்டில் தடவிப் பார்ப்பது லேபில் என் வேலை. எனக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. என் காதுபட வைக்கவில்லை என்று சொல்வதுதான் சரி.

முன்பு அவள் வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் பக்கெட் விற்றவள். கதவைத் தட்டுவதில் கூச்சம் கிடையாது. முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாலும் அடுத்த நாள் அதே சிரிப்போடு நிற்பாள். அதைப் பார்த்துத்தான் அவளை எடுத்தார்கள். அவள் புருஷனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. அவள் குளித்துவிட்டு வந்தால்தான் சமையலறைக்குள் விடுவான். நாத்தனார்காரி ஒரு படி மேலே போய், அவள் கையால் ஊற்றிய தண்ணீரைக்கூடக் குடிப்பதில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால் "ஆஸ்பத்திரியில இருக்கா" என்று புருஷன் மென்று முழுங்குவான். அவள் கொண்டுவந்து கொடுக்கும் சம்பளம் மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் நாறவில்லை.

ஆராய்ச்சி இதுதான். பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை விடாமல் கவனித்து, எந்தக் கிருமி எப்போது அவர்கள் வயிற்றுக்குள் போகிறது, எது வயிற்றுப்போக்கை உண்டாக்குகிறது என்று கண்டுபிடிப்பது. அதற்காக ஒரு நெரிசலான சந்தாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அங்கே குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே படுத்துக்கிடக்கும். அந்தக் குழாயைத் தூக்கி வேறு பக்கம் போட்டால் பாதி ஆராய்ச்சி தேவையே இல்லை என்று எனக்குத் தோன்றும். ஆனால் குழாய் நகராட்சியின் வேலை, கிருமி எங்கள் வேலை.

பதிவு செய்து நம்பர் கொடுத்த ஒவ்வொரு குழந்தையும் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதாமாதம் ஒரு சாம்பிள் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் அம்மாவுக்கு ஒரு சோப்பு. குழந்தைக்கு உடம்புக்கு வந்தால் எங்கள் வார்டில் இலவசமாகப் பார்ப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கைக்குழந்தை டப்பாக்காவின் சௌகரியத்துக்குப் போகுமா? அவள் காலையிலேயே ஐஸ் பெட்டியோடு வாசலில் போய் நிற்பாள். "இன்னும் போகலக்கா" என்பார்கள். திரும்பிப் போய் மறுபடி வருவாள். அதற்குள் துடைத்துத் தூக்கிப் போட்டிருப்பார்கள். வெறும் பெட்டியோடு வந்தால் மேற்பார்வையாளரிடம் வசவு.

சில மாதங்களுக்கு முன் திடீரென்று நிலைமை மாறியது. முதல் தட்டிலேயே கதவு திறக்கும், டப்பா தயாராக இருக்கும். டப்பாக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாத்துக்கும் பொறுப்பு வந்துடுச்சுடி. அன்பாப் பேசினா யாருதான் கேக்க மாட்டாங்க" என்று என்னிடம் பீற்றிக்கொண்டாள்.

அவளைவிட அதிகம் பூரித்துப்போனவர் எங்கள் பெரிய டாக்டர். அந்தச் சந்தில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே கிருமி. பாதிப் பேருக்கு நோயின் அறிகுறியே இல்லை. சந்து முழுக்கப் பிடித்த கிருமி, ஆனால் குழந்தைகள் ஓடியாடிக்கொண்டிருக்கின்றன! வெளிநாட்டு மாநாட்டில் இதைப் பேசப் போவதாகச் சொல்லி எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார். அவர் டீ வாங்கிக்கொடுத்து அதற்கு முன் நாங்கள் பார்த்ததே இல்லை.

எனக்கு அந்த டீ இறங்கவில்லை. அன்று காலை நான் திறந்த டப்பாவில் தக்காளித் தோல் கிடந்தது. சுருண்டு, சிவப்பாக, கண்ணாலேயே தெரிந்தது. ஸ்டிக்கரில் இருந்த நம்பரை வைத்து எந்த வீட்டுக் குழந்தை என்று பார்த்துவிட்டு டப்பாக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அக்கா, பச்சைக் கதவு வீட்டுப் பாப்பாவுக்கு என்ன வயசு?"

"நாலு மாசம். ஏன்டி?"

"தக்காளி சாப்பிடுதா?"

"பல்லே மொளைக்கல. வெறும் தாய்ப்பால்தான்."

"அப்போ இது வானத்துலேருந்து விழுந்துதா?"

டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "வா, போய்க் கேட்டுட்டு வரலாம்" என்று எழுந்தாள். நிலையத்தின் வேனிலேயே போனோம்.

பச்சைக் கதவு வீட்டுக்காரி முதலில் மழுப்பினாள். டப்பாக்கா விடவில்லை. கடைசியில் அவள் சலித்துக்கொண்டே சொன்னாள்.

"கோச்சுக்காதீங்கக்கா. நீங்க காலங்காத்தால வந்து நிக்கிறீங்க. இது எப்போ போகும்னு யாரு கண்டா? கடைசி வீட்டுல போய்க் கேட்டா எந்நேரமும் கிடைக்கும்."

"எந்நேரமுமா?"

"அந்தப் பையனுக்குத்தான் நிக்கவே மாட்டேங்குதே! இந்தச் சந்துல எல்லாருமே அங்கதான் வாங்குறோம். சும்மா ஒண்ணும் வாங்கலக்கா, சோப்புல பாதிய வெட்டிக் குடுத்துடுவோம்."

கடன் வாங்கிய சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்ததுபோல அதை நியாயமாகச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நாள் முழுக்கக் குழந்தைகளின் மலத்தோடு புழங்குகிறவள் நான். அதில் எனக்கு அருவருப்பு கிடையாது. கழுவினால் போய்விடும். ஒரு பிள்ளைக்கு வயிறு நிற்காமல் போவதைச் சந்து முழுக்கத் தெரிந்துவைத்துக்கொண்டு, கிண்ணத்தோடு மட்டும் போய் நின்றிருக்கிறார்களே, அதை எதைப் போட்டுக் கழுவுவது? தூ என்று அங்கேயே துப்பத் தோன்றியது. அவர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? அந்தக் கடைசி வீட்டு வாசலைத் தாண்டித்தான் டப்பாக்கா தினமும் போயிருக்கிறாள். அந்த வீட்டுக்காரர்கள் பதிவெல்லாம் முடிந்த பிறகு குடிவந்தவர்கள். அதனால் அந்தக் கதவை அவள் தட்டவில்லை.

கடைசி வீடு ஒரே அறை. தரை முழுக்கச் சட்டைகளும் பொத்தான்களும். பையனின் அம்மா வீட்டிலிருந்தே பொத்தான் தைத்துக்கொடுப்பவள். மூலையில் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் பையன் படுத்திருந்தான். இரண்டு வயது என்றாள். பார்த்தால் ஒரு வயது சொல்லலாம். கண் குழிவிழுந்து, உதடு வெடித்திருந்தது. டப்பாக்கா அவன் வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளி விட்டாள். அது மடிந்தது மடிந்தபடியே நின்றது. அவன் வாயைத் திறந்து அழுதான். சத்தம் இல்லை, கண்ணில் ஒரு சொட்டு நீரும் இல்லை.

அவன் அம்மாவோ எங்கள் கழுத்து அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தாள். அவசரமாகச் சட்டைகளை ஒதுக்கி உட்கார இடம் பண்ணினாள்.

"நீங்கதானே டப்பாக்கா? மருந்து கொண்டாந்தீங்களா?"

"என்ன மருந்தும்மா?"

"இவனுக்குத்தான். எத்தனை டப்பா குடுத்தேன்! எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகுது, மெஷின்ல வெச்சுப் பாக்குறாங்கன்னு பக்கத்துல சொன்னாங்க. என்ன நோவுன்னு தெரிஞ்சதும் நீங்களே வருவீங்கன்னு காத்துக்கிட்டு இருக்கேன்."

நடுவில் ஒருமுறை கடையில் சிரப் வாங்கிக் கொடுத்தாளாம். பெரிய டாக்டர்களே பார்க்கும்போது நாம் கண்டதையும் கொடுத்துக் கெடுத்துவிடக் கூடாது என்று நிறுத்திவிட்டாளாம். அதை என்னவோ சமர்த்தாக நடந்துகொண்டவள்போலச் சொன்னாள். உண்மையை எந்த வாயால் சொல்வது?

"தூக்கும்மா, போகலாம்" என்றாள் டப்பாக்கா. பையனை அவளே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வேனுக்கு ஓடினாள். அவள் சேலையெல்லாம் நனைந்தது.

எங்கள் ஆராய்ச்சி வார்டில் கட்டில்கள் காலியாக, வெள்ளை விரிப்போடு கிடந்தன. அங்கிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நம்பர் சொல்லுங்க" என்றாள்.

"நம்பர் இல்ல. புள்ளை சாகக் கிடக்கு."

"நம்பர் இல்லாம இங்க சேர்க்க முடியாதுக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். டப்பாக்கா என் வாழ்நாளில் நான் கேட்டிராத ஒரு வசவை அந்தக் காலிக் கட்டில்களைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அதே ஆஸ்பத்திரியின் பொது வார்டுக்குப் போனோம். அங்கே ஏற்கெனவே ஒரு குழந்தை படுத்திருந்த கட்டிலில் பாதி இடம் கிடைத்தது. இவன் கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி குத்திச் சலைன் ஏற்றினார்கள். மதியத்துக்கு மேல், இரண்டாவது பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது அவன் மறுபடி அழுதான். இந்தத் தடவை கண்ணீர் வந்தது. "பொழைச்சுக்குவான்" என்றாள் டியூட்டி டாக்டரம்மா. டப்பாக்கா சுவரில் சாய்ந்துகொண்டு, "நானும்தான் ஒரு வார்த்தை கேக்கலையேடி" என்று முணுமுணுத்தாள்.

விஷயம் கேள்விப்பட்டுப் பெரிய டாக்டர் வந்தார். கட்டில் பக்கம் வருவதற்கு முன்பே கேட்டார்.

"எத்தனை டப்பா கெட்டுப்போச்சு?"

அப்புறம்தான் பையனைக் கவனித்தார். தொலைந்த சாவி கிடைத்தவர்போல முகம் மாறியது.

"இவன்தானா? நல்லதாப் போச்சு. ஒரு சாம்பிள் எடுத்துடுங்க. பழசு எல்லாத்தோடயும் ஒப்பிட்டுப் பார்த்துடலாம்."

"இவனுக்கு ஸ்டிக்கர் இல்ல சார்" என்றாள் டப்பாக்கா.

"ஏதாவது ஒண்ணை ஒட்டுங்க. அப்புறம் மாத்திக்கலாம்."

பையனின் அம்மா இதையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம், கேட்பதற்கு முன்பே ஒரு காகிதக் கோப்பையில் எடுத்து மூடிவைத்திருந்தாள். அதை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பச்சைக் கதவு வீட்டுப் பாப்பாதுதானே கடைசியாப் போச்சு? அதையே ஒட்டிடுங்க."

பெரிய டாக்டர் தலையை ஆட்டினார். டப்பாக்கா கோப்பையை வாங்கினாள். ஆனால் ஸ்டிக்கர் பையைத் தொடவில்லை. பையனின் பெயரைக் கேட்டாள். அம்மா சொன்னதைக் கோப்பையின் மேல் பேனாவால் அழுத்தி எழுதி, பெரிய டாக்டரைத் தாண்டிப் போய் வார்டு நர்ஸிடம் கொடுத்தாள்.

"இது ஆராய்ச்சிக்கு இல்ல. இவனுக்கு என்ன நோவுன்னு பாக்கணும். உடனே பாக்கச் சொல்லுங்க."

பையனின் அம்மா நர்ஸ் போவதைப் பார்த்தாள். டப்பாக்காவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அப்போ இத்தனை நாளா பாக்கலையா?" என்று கேட்டாள்.