சால்வை போர்த்திய பிறகும் போகாதவன்

1. முதலில் தேங்காய்

எங்கள் கம்பெனியில் ஒருவரை வழியனுப்ப ஒரு சால்வை, ஒரு தேங்காய், போகிற ஆள் ஒருவர், இவ்வளவும் வேண்டும். என் விஷயத்தில் சால்வையும் தேங்காயும் தயாராக இருந்தன.

புனேக்கு வெளியே, ரஞ்சன்காவில் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கிற ஃபேக்டரி அது. நான் யுட்டிலிட்டி டிபார்ட்மென்ட். சில்லர் பிளான்ட் என் பொறுப்பு. அச்சுகளுக்குள் ஓடும் தண்ணீரைச் சில்லர் குளிர வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் புரொடக்ஷன் நிற்கும், உடனே என் பெயர் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மற்ற நாட்களில் நான் ஒருவன் இருப்பதே பலருக்குத் தெரியாது. மெயின்டனன்ஸ் வேலைக்கு வரும் இளைஞர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு டிசம்பர் மாதத் திங்கட்கிழமை. கன்டென்ஸர் பம்ப்பில் கிளாண்ட் வழியே தண்ணீர் கசிகிறதென்று ஸ்பானரும் கையுமாகக் குனிந்திருந்தேன். ஃபிட்டர் பவார் ஓடி வந்து, "அண்ணா, கேன்டீனுக்கு வா, அர்ஜென்ட்" என்றான். புனேயில் நம்மூர்க்காரன் எவனாக இருந்தாலும் அவன் பெயர் அண்ணாதான். கேன்டீனில் தீப்பிடித்துவிட்டதோ என்று ஓடினேன்.

அங்கே பேடா தட்டு இருந்தது. போட்டோகிராபர் இருந்தார். பிளான்ட் ஹெட் குல்கர்ணி சார் கையில் சால்வையோடு நின்றிருந்தார். யாருக்கோ ரிட்டையர்மென்ட் போலிருக்கிறது, கைதட்டிவிட்டு வருவோம் என்று கடைசி வரிசைக்குப் போனேன். பிடித்து முன்னால் தள்ளினார்கள்.

"அண்ணா நம்மைவிட்டு மஸ்கட் போகிறார்" என்று குல்கர்ணி சார் இந்தியில் ஆரம்பித்தார். "இத்தனை வருஷத்தில் இவர் ஒரு நாளும் என் கேபினுக்கு வந்ததில்லை. சில்லர் ஒழுங்காக ஓடுகிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். சால்வை தோளுக்கு வந்தது, தேங்காய் கைக்கு வந்தது. டிபார்ட்மென்ட் சார்பில் ஒரு பெரிய சூட்கேஸும் வந்தது. நான் ராஜினாமா கொடுக்கவில்லை. போவதா வேண்டாமா என்று முடிவுகூடச் செய்யவில்லை. மும்பையில் ஒரு இன்டர்வியூவுக்குப் போய்வந்திருந்தேன், அவ்வளவுதான். என் ஷிப்டைப் பார்த்துக்கொள்ளப் பவாரிடம் மட்டும் அதைச் சொல்லியிருந்தேன். பவாரிடம் சொல்வதும் கம்பெனி பஸ்ஸில் மைக் பிடிப்பதும் ஒன்றுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. வளைகுடாவுக்குப் போனவர்கள் யாரும் முறைப்படி சொல்லிக்கொண்டு போனதில்லை. ஒரு நாள் டூட்டிக்கு வர மாட்டார்கள், பிறகு அங்கிருந்து போட்டோ வரும். இரண்டு முறை வாங்கிய தேங்காய் வீணாகிக் கேன்டீன் சட்னிக்குப் போயிருக்கிறது. அதனால் இனிமேல் எவனாவது செலக்ட் ஆனான் என்று காதில் விழுந்தாலே சென்ட்-ஆஃப் நடத்திவிடுவது என்று டிபார்ட்மென்ட் ஒருமனதாக முடிவெடுத்திருந்தது. அந்தத் திட்டத்தின் முதல் பயனாளி நான்.

2. டாக்டர் சொன்ன வெயில்

எனக்கு வெயில் மேல் தனிப்பட்ட ஆசை எதுவும் கிடையாது. கரூர்க்காரனுக்கு எதற்கு அந்த ஆசை வரப்போகிறது? வெயில் என் மனைவி சரோஜாவுக்குத் தேவைப்பட்டது.

புனேயை ஒட்டிய நிக்டியில், நானும் சரோஜாவும் பள்ளிக்குப் போகும் மகளும் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். வடக்குப் பார்த்த வீடு, எதிரே இன்னொரு கட்டடம். சுவரில் மழைக்கால ஈரம் காய்வதற்குள் குளிர்காலம் வந்துவிடும். நவம்பர் பிறந்தால் சரோஜாவுக்கு இழுப்பும் பிறக்கும். உட்கார்ந்தபடியே தூங்குவாள். மூச்சு ஒவ்வொன்றும் துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி சத்தம் போடும். இயந்திரத்தில் அப்படிச் சத்தம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவளிடம் வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் பயந்துகொண்டே கிடப்பேன்.

காலனியில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் இஞ்சி என்றார், ஒருவர் இஞ்சி கூடவே கூடாது என்றார். கடைசியில் உண்மையான டாக்டர், மருந்து எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "ட்ரை, வார்ம் க்ளைமேட்டாகப் போய்விட்டால் நல்லது" என்றார். எந்த ஊர், அங்கே யார் வேலை தருவார்கள் என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தால் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

கரூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"வெயிலுக்கு இங்க என்னடா கொறச்சல்? வேணுங்கற அளவுக்குக் காயுது. வேல? கொசுவலைத் தறிக்குச் சில்லர் போடற நெனப்பிருந்தா வா" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் மஸ்கட்டில் ஏசி பிளான்ட்டுக்கு டெக்னீஷியன் வேண்டும் என்று ஒரு விளம்பரம் வந்தது. வெயிலும் வேலையும் ஒரே இடத்தில் இருக்கின்றன! கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததாக நினைத்தேன்.

3. பதினெட்டு டிகிரி

மும்பை ஹோட்டலில் இன்டர்வியூ. கேட்டவர் ஒரு மலையாளி இன்ஜினியர். வெளியே கடும் வெயில், கன்டென்ஸரில் பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது, என்ன செய்வாய் என்றார். முதலில் காயிலைத் தண்ணீர் அடித்துக் கழுவுவேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. செலக்ட்.

"ஃபேமிலியை எப்போது கூட்டிப்போகலாம் சார்?" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "டெக்னீஷியன் கிரேடுக்கு ஃபேமிலி விசா கிடையாதே. பேச்சலர் அக்காமடேஷன். சூப்பர்வைசர் ஆனால் பார்க்கலாம். ஆனால் ரூம் ஃபர்ஸ்ட் கிளாஸ். எப்போதும் ஏசி ஓடும். பதினெட்டு டிகிரி!"

நிக்டியின் டிசம்பர் இரவைவிடச் சூடு கொஞ்சம்தான் கூடுதல். அதற்காகக் கடல் தாண்டிப் போகவேண்டும். அதுவும் சரோஜா இல்லாமல்.

விஷயம் இதுதான் என்று அப்போதே தெளிவாகத் தெரிந்தது. வெயில் தேவைப்படுகிறவள் ஈரச் சுவருக்குப் பக்கத்தில் இருப்பாள். இழுப்பே இல்லாத நான் அவளுக்காக வெயில் நாட்டுக்குப் போய், அங்கே குளிர் தயாரிப்பேன். கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சூப்பர்வைசர் ஆகிவிடலாம், பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று பஸ்ஸில் வரும்போதே என்னை நானே புரமோட் செய்துகொண்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தவனுக்குத்தான் திங்கட்கிழமை தேங்காய்.

4. போன பிறகு டூட்டி

சென்ட்-ஆஃப் முடிந்த ஆள் மறுநாள் வேலைக்கு வருவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். செத்தவன் பதினாறாம் நாள் காரியத்துக்குத் தானே வந்து பந்தியில் உட்கார்ந்த மாதிரி எல்லோரும் பார்த்தார்கள்.

"அரே அண்ணா, இன்னும் போகலையா?"

கம்பெனி பஸ்ஸில் என் ஜன்னல் சீட் வேறொருவருக்குப் போயிருந்தது. பவார் சில்லர் ரூமில் என் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி ஸ்டூல் போட்டான். அவனுக்குச் சில்லர் இன்சார்ஜ் என்று நோட்டீஸ் போர்டில் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் செக்யூரிட்டி, விசிட்டர் பாஸ் வேண்டுமா என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார்.

காலனியிலும் இதே கதை. சூட்கேஸோடு பஸ்ஸிலிருந்து இறங்கியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பேசியே பழக்கமில்லாதவர்கள்கூட வந்து செண்ட் பாட்டிலுக்கும் ஷேவிங் கிரீமுக்கும் சொல்லி வைத்தார்கள். சரோஜா அந்தச் சூட்கேஸைத் துடைத்து, வீட்டிலிருந்த கம்பளிகளையெல்லாம் அதில் அடுக்கி வைத்தாள். 

ஞாயிற்றுக்கிழமை, புனேயிலேயே இருக்கும் போபோடிக்குப் போனேன். அங்கே சரோஜாவின் அண்ணன் ராஜாமணி மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். வளைகுடாவில் சில வருஷம் இருந்து திரும்பியவர்.

"மச்சான், அங்க வெயில் எப்படி?" என்றேன்.

காயில் சுற்றுவதை நிறுத்தாமல் சிரித்தார். "எந்த வெயிலு மாப்ள? ரூம்ல ஏசி, வேன்ல ஏசி, வேல செய்யற எடத்துல ஏசி. வெயில நான் ஜன்னல் வழியாத்தான் பாத்தேன். ரூமுக்கு எட்டுப் பேரு. ஒருத்தன் ஏசியக் கூட்டுவான், ஒருத்தன் கொறைப்பான், அதுக்கொரு சண்ட. எனக்குச் சளி புடிச்சதே அங்கதான்."

"அப்ப போக வேண்டாங்கறீங்களா?"

"அத நான் சொல்ல முடியுமா? சென்ட்-ஆஃப் வேற முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்க. போவாம இருந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

வளைகுடாவில் இருந்து திரும்பியவரே, போபோடியில் பேசப்போகிற நாலு பேருக்குப் பயப்பட்டார். அந்த நாலு பேர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சரோஜாவுக்கு மூச்சு முட்டியபோது அவர்கள் ஒருநாளும் வந்ததில்லை.

5. ஸ்கூட்டர்

அந்த வாரமே ஒரு காலையில் இழுப்பு வந்தது. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், சரோஜா சமையலறை மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உதடு நிறம் மாறியிருந்தது. பேச்சு வரவில்லை. ஸ்கூட்டரில் உட்கார வைத்து, சால்வை ஒன்றை இரண்டு பேரையும் சேர்த்துச் சுற்றிக்கட்டி, ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். அவள் மூச்சு என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. ஒரு சிக்னலில் அது நின்றுவிட்டது போலிருந்தது. சிவப்பு விளக்கைப் பார்க்காமல் ஓட்டினேன். அந்தப் பயம் வேறு எதிலும் எனக்கு வந்ததில்லை.

நெபுலைசர் முகமூடி வைத்து மருந்து கொடுத்தார்கள். வெகுநேரம் கழித்து மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்தது. முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, "ஏனுங்க" என்றாள்.

"பேசாதே."

"பேசிக்கறேன். நீங்க போனப்பறம் போன்ல பேசோணும்னா மூச்சு பத்தாது." நிறுத்தி, இரண்டு மூச்சு இழுத்தாள். "எனக்கோசரந்தான வெயிலுக்குப் போறீங்க? போயி எனக்குஞ் சேத்து நல்லாக் காஞ்சுட்டு வாங்க."

சொல்லிவிட்டு முகமூடியைத் தானே மாட்டிக்கொண்டாள். நர்ஸுக்குத் தமிழ் தெரியாது, தெரிந்திருந்தால் சிரித்திருப்பாள். எனக்கு அழுகை வந்தது. வெளியே போய், பார்மசிக்குப் பக்கத்தில் இருந்த பூத்திலிருந்து மும்பைக்குப் போன் போட்டு, வரவில்லை என்றேன்.

6. நாலாவது மாடி

குல்கர்ணி சார் கேபினுக்கு முதல்முறையாகப் போனேன். போகவில்லை என்று சொன்னேன். அவர் அதிர்ந்துபோனார்.

"பர் அண்ணா, சென்ட்-ஆஃப் ஹோ கயா நா! சென்ட்-ஆஃப்தான் முடிந்துவிட்டதே!"

"ஆமாம் சார். ஆனால் நான் இருக்கிறேன்."

"அதுதானே பிரச்சினை" என்றார். பவாரைச் சில்லரிலிருந்து எடுக்க முடியாது, அவனுக்கும் பேடா கொடுத்தாகிவிட்டது. கடைசியில் என்னை பாய்லர் ஹவுசுக்கு மாற்றினார்கள். சில்லரையே கட்டிக்கொண்டு கிடந்தவனை நீராவிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வெப்பமான இடம்தானே கேட்டாய், எடுத்துக்கொள் என்று பவார் சொன்னான். பிறகு சில்லர் ட்ரிப் ஆகி நிற்கும்போதெல்லாம் அவனே ஓடி வந்து என்னைக் கூட்டிப்போவான்.

ஆனால் சரோஜாவின் குளிர் அப்படியே இருந்தது. அப்போதுதான் தொழில் புத்தி கொஞ்சம் வேலை செய்தது. ஏசி போடக் கேட்பவர்களுக்கெல்லாம் வருஷக்கணக்கில் ஒரே பல்லவியைச் சொல்லியிருக்கிறேன்: மேல்மாடியாக, மேற்குச் சுவராக, மரநிழலும் இல்லாமல் இருந்தால் ஏசி ஹீட் லோட் தாங்காது, அந்த வீட்டைப் பார்க்கவே பார்க்காதீர்கள். எங்கள் காலனியிலேயே அப்படி ஒரு வீடு நாலாவது மாடியில் வருஷக்கணக்கில் ஆள் வராமல் பூட்டிக் கிடந்தது. மொட்டைமாடிக்கு நேர்கீழே, முழுக்க மேற்கு. வீட்டுக்காரர் நான் கேட்டதை நம்பாமல், "அண்ணா, மே மாதத்தில் வெந்துபோவீர்கள்" என்று நேர்மையாக எச்சரித்தார். அந்த நேர்மைதான் எனக்கு வேண்டியிருந்தது. சுவரில் கை வைத்துப் பார்த்தேன். மாலை வெயில் போன பிறகும் சுட்டது. மறுவாரமே குடிபோனோம். விசா கேட்கவில்லை, மெடிக்கல் கேட்கவில்லை, குடும்பத்தோடு ஏற்றுக்கொண்டார்கள்.

இழுப்பு அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். அடுத்த டிசம்பரிலும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆனால் வாரத்துக்கு வாரம் ஓடியது, குளிர்காலத்துக்கு ஒன்றிரண்டு முறை என்றானது. அந்த ஒன்றிரண்டு முறைக்கும் ஸ்கூட்டர் ஓட்ட நான் இருந்தேன்.

வெளிநாட்டு ஆஃபரோடு இப்போதும் தம்பிகள் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். போங்கள் என்றோ போகாதீர்கள் என்றோ நான் சொல்வதில்லை. யாருக்காகப் போகிறாயோ அந்த ஆளைக் கூட்டிப்போக முடியுமா என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள், பிறகு பவாரிடம் சொல் என்பேன்.

முதல் மே மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம். வீட்டுக்காரர் சொன்னபடியே வெந்துகொண்டிருந்தேன். பனியன் பிழிகிற அளவுக்கு வியர்வை. இத்தனை வருஷம் குளிரைத் தயாரித்தவன் வீட்டில் ஏசி இல்லையா என்று காலனியே சிரித்தது. சரோஜா வெறுந்தரையில் கால் நீட்டி மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை. வழக்கப்படி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சுச் சத்தமே கேட்கவில்லை. பயந்துபோய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன்.

கண்ணைத் திறந்து, "இருக்கறனுங்க, போய்த் தூங்குங்க" என்றாள்.