ஐந்தாவது ஆள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது விருதுநகரில் பெயிண்டரைத் தேடுவதும் கோடையில் வைப்பாற்றில் மீன் பிடிக்கப் போவதும் ஒன்றுதான். சூலக்கரைப் பக்கம் நாங்கள் கட்டிய வீட்டுக்கு வெள்ளிக்கிழமை பால் காய்ச்சு என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. வெறும் சிமெண்டுச் சுவரைப் பார்த்து வருகிறவர்கள் என்ன பேசுவார்களோ என்று அம்மா புலம்பிக்கொண்டே இருந்தாள். நாமே அடித்துவிடுவோம் என்றார் அப்பா. அவர் சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சாபீஸில் மெஷின்மேன். வருஷம் முழுக்கக் கலரோடு புழங்குகிறவனுக்குச் சுவர் ஒரு விஷயமா என்பது அவர் கட்சி.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். நான் ஐந்தாம் வகுப்பு. கிழக்கே இருந்த சின்ன அறை எனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு சுவரையாவது என் கையால் அடிக்கப்போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். அதை நடத்திக் காட்டாவிட்டால் காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் போகும் திங்கட்கிழமை மானம் போய்விடும்.

வேலைக்கு நாலு பேர்: அப்பா, அம்மா, அம்மாவின் தங்கையான என் சித்தி, அம்மாவின் தம்பியான மாமா. மாமா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். நாலு மாதத்துக்கு முன் அதை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருந்தார். ஏன் விட்டார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சோம்பேறித்தனம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஆனால் கம்பெனிச் சட்டம் மட்டும் அவரை விடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் நுழைய வேண்டும். வாளியில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். சுவரில் பூசிக் காய்ந்த பட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கிற வெள்ளைத் தூசியை அவரால் பார்க்கவே முடியாது. சொம்பில் மொண்டு சுவரிலேயே தெளித்துவிடுவார். ஒரு சுவர் முழுக்கப் பட்டி ஊறிப்போய் இட்லி மாவு மாதிரி வழிந்தது. அப்பா தலையில் அடித்துக்கொண்டு மறுபடி பூசினார்.

அப்பாவின் பவிசும் அவ்வளவுதான். அச்சு மையை விரலால் தாளில் தொட்டுப் பார்ப்பதுபோலப் பெயிண்டைத் தொட்டுப் பார்த்தே நீலம் கலந்தார். முதல் வாளி ஒரு நீலம், இரண்டாம் வாளி இன்னொரு நீலம். கூடத்துச் சுவர் இடுப்புக்கு மேலே வானமும் கீழே சொட்டுநீலம் போட்ட வேட்டியுமாகக் காய்ந்தது. அதுதான் இப்போது பேஷன் என்று அப்பா சாதித்தார்.

மாமாவின் சட்டத்தில் எனக்கு எமனாக வந்தது ஒன்றுதான். ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, வாசலை யாரும் மறிக்கக் கூடாது. நான் தலையை நீட்டும்போதெல்லாம் எண்ணிப் பார்ப்பார். ஐந்து என்றால் விரட்டிவிடுவார். மூன்று நாள் வெளியே நின்று அழுதேன். அவர் மேல் எனக்கு அம்புட்டு வெறுப்பு.

புதன்கிழமை மத்தியானம் அம்மா டீ போடப் போனாள். உள்ளே மூன்று பேர்தான். ஓடிப்போய் நின்றேன். மாமாவே ரோலரை என் கையில் கொடுத்தார். என் அறை, என் சுவர். மேலிருந்து கீழே ஒரு பட்டை, அடுத்து ஒன்று. முழங்கை வரை நீலம் வழிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் குறைவுதான்.

மூன்றாவது பட்டை பாதியில் இருக்கும்போது அம்மா டீத் தட்டோடு வந்து வாசலில் நின்றாள். மாமா திரும்பி எண்ணினார். அவர் முகம் வெளிறிப்போனது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அம்மாவை இடித்துத் தள்ளி, வாளியைக் கவிழ்த்து, கூடத்தைத் தாண்டித் தெருவில் குவித்திருந்த மணல் வரை ஓடினார். கலந்து வைத்த நீலம் மொத்தமும் தரையில்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “இது ஒண்ணும் ஒங்க கம்பெனி இல்ல மாமா. ஒங்களுக்கு என்ன கிறுக்கா?” என்று கத்தினேன்.

அவர் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என் கையை மட்டும் விடவில்லை. “நீ வந்துட்டல்லா? வெளிய வந்துட்டல்லா?” என்று அதையே கேட்டார். அம்மா ஓடிவந்து அவர் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, “வந்துட்டா தம்பி, பாரு, வந்துட்டா” என்று அழுதாள். கொட்டிய பெயிண்டுக்காக அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். மீதிச் சுவரை அப்பா மூன்றாவதாக ஒரு நீலத்தில் அடித்து முடித்தார்.

எனக்குக் கல்யாணம் பேசிய வருஷம்தான் சித்தி சொன்னாள். மாமா வேலை செய்த அறையில் நாலு பேர்தான் இருக்கலாமாம். லோடு அன்றைக்கே போக வேண்டும் என்று ஐந்தாவதாக ஒரு பெண்ணைக் கைக்கு உதவியாக உள்ளே கூப்பிட்டது மாமாதான். தீ பிடித்ததும் வாசல் பக்கம் இருந்த மாமா ஓடி வெளியே வந்துவிட்டார். வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாராம்; அந்தப் பெண் வரவே இல்லை.

அன்று அவர் பிடித்த பிடியில் என் மணிக்கட்டில் விரல்தடம் கன்றிப்போய் இரண்டு மூன்று நாள் இருந்தது. பால் காய்ச்சுக்கு வந்த சொந்தக்காரர்களில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் அதைக் காட்டி, மாமா எவ்வளவு பொல்லாதவர் என்று சொல்லித் திரிந்தேன். மாமாவும் அங்கேதான், வந்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார்.