கம்பத்தடியில் நிற்காதவன்

ஹெலிகாப்டரில் சாமான் தூக்கும் வேலை என்றால் ஊரில் எல்லோரும் பைலட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். கீழே நின்று, ஆடிக்கொண்டு இறங்கும் இரும்பின் கயிற்றைப் பிடித்து நிறுத்துகிற என்னை யாரும் விசாரித்ததில்லை. அந்த இரும்பு பக்கத்து மின்கம்பியில் பட்டால் முதலில் கருகுவது கயிறு பிடித்தவன்தான்.

அதனால் எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அனுமதி வாங்கி லைனை நிறுத்திவிட்டு வந்து "லைன் ஆஃப்" என்று சொல்கிறவன், சாமான் இறங்கி முடியும்வரை அந்த லைனின் மின்கம்பத்தைத் தொட்டபடி அடியிலேயே நிற்க வேண்டும். எந்தக் காகிதத்தையும்விட எங்களுக்கு அதுதான் பெரிய உத்தரவாதம்.

அந்த வேலையில் இருந்தவன் என் தங்கச்சி வீட்டுக்காரன். ஓசூர் கம்பெனியில் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டபோது, வேற்று ஆளைவிட நம்ம வீட்டுப் பிள்ளை கம்பத்தடியில் நின்றால் நிம்மதி என்று மேலாளரிடம் பேசிச் சேர்த்துவிட்டவன் நான்தான்.

தளிப் பக்கம் ஒரு குன்றுச் சரிவில் டவர் நிறுத்தும் வேலை. சாலை கிடையாது. கீழே ரோஜாத் தோட்டம். அதற்குப் போகும் மின்கம்பி, நாங்கள் சாமான் இறக்கும் இடத்தை ஒட்டியே போயிற்று. ஜெனரேட்டர்கூட இல்லை, கரண்ட் போனால் மோட்டார் படுத்துவிடும் என்று தோட்டக்காரர் முந்தின நாள்தான் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

காலையில் அவன் வந்து, "லைன் ஆஃப் மச்சான், நீ பாட்டுக்கு நில்லு" என்றான். நான் போய் நின்றேன்.

ஹெலிகாப்டர் இரும்பைத் தொங்கவிட்டபடி வந்தது. காற்றில் புழுதி பறந்தது. கயிற்றின் நுனி என் தலைக்கு மேலே வந்ததும் கையை நீட்டினேன். பழக்கத்தில் கம்பத்தடியைப் பார்த்தேன். அவன் அங்கே இல்லை. தூரத்தில், ஜீப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். கண்கள் தானாகக் கீழே தோட்டத்துக்குப் போயின. தொட்டியில் மோட்டார் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

கையை இழுத்துக்கொண்டேன். "மேல போ, மேல போ" என்று ரேடியோவில் கத்தினேன். பைலட் உடனே தூக்கிவிட்டார். கயிறு கம்பியை உரசாமல் போனது அவர் கெட்டிக்காரத்தனம், என் ஆயுசு.

அவன் சட்டையைப் பிடித்தேன்.

"ஒண்ணும் ஆவலையே மச்சான். பறிச்சு வச்ச ரூமுல கூலிங் நின்னா பூவெல்லாம் வாடிடும்னு தோட்டக்காரரு கெஞ்சனாரு. கொஞ்ச நேர வேலைதான, பைலட்டு தள்ளி எறக்கிடுவாருன்னு நெனச்சன்."

"அப்ப நீ ஏன்டா கம்பத்தாண்ட நிக்கல?"

அவன் கண் ஜீப்புப் பக்கம் போயிற்று.

ஏமாந்து போய், நிறுத்தியாச்சு என்று நம்பிச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். பாவி, அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தன் உடம்பை ஜீப்புக்குப் பின்னால் பத்திரமாக வைத்துக்கொண்டு என்னை அங்கே நிறுத்தினான். பூவுக்காக இரங்கிய மனசு எனக்காக இரங்கவில்லை. என் தங்கச்சி குழந்தைகளுக்கு நான் ஒரே தாய்மாமன் என்பதுகூடவா அவனுக்கு ஞாபகம் வரவில்லை?

மேலாளரிடம் சொல்லி அன்றைக்கே அவனை அனுப்ப வைத்தேன். வேலை முடிந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிக்கொண்டானாம். தங்கச்சி முகத்துக்காக நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

போன பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனேன். கூடத்தில் புது ஃபேன் மாட்டாமல் கிடந்தது. "அண்ணா, நீதான் ஒசரம், மாட்டிக் குடு" என்றாள் தங்கச்சி. ஸ்டூலைப் போட்டேன்.

"மெயின் ஆஃப் பண்ணிட்டன் மச்சான், ஏறு" என்றான் அவன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

"மொதல்ல நீ ஏறி அந்த ஒயரைத் தொடு மாப்ள. அப்புறம் நான் ஏறறன்."

தங்கச்சி கேலி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்காமல் எழுந்து, மெயின் போர்டு பக்கம் போனான்.