கடல்வழி வந்த சொந்தம்

கனடாவில், மொன்றியல் தையல் பக்டரியில் என் பக்கத்து மெஷினில் இருந்தவள், மட்டக்களப்புப் பள்ளிக்கூடத்திலும் என் பக்கத்தில் இருந்தவள். பறங்கியர் வீட்டுப் பெண், அந்தக் காலத்தில் கப்பலில் வந்த போர்த்துக்கீசரின் வழி. வெளியே எங்களைப் போலத் தமிழ் கதைப்பாள். வீட்டுக்குள் அவர்களுக்கு ஒரு பழைய போர்த்துக்கீசு மொழி இருந்தது. ஊரில் எனக்குத் தெருத்தெருவாக உறவு, அவளுக்கு ஒரே ஒரு தெரு. இங்கே எங்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் விட்டால் வேறு ஆளில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஒரு சனிக்கிழமை ரஷேல் தெருவில் ஒரு போர்த்துக்கீசர் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனோம். கடைக்காரி உள்ளே நின்ற கணவனை ஏதோ ஏச, என் சிநேகிதி பக்கென்று சிரித்துவிட்டாள்.

“உனக்கு விளங்குதா?” என்று கடைக்காரி பிரெஞ்சில் கேட்டாள்.

அவள் தன் வீட்டு மொழியில் பதில் சொன்னாள். அவர்களுக்குப் பாதிதான் புரிந்தது. அதுவே போதுமாக இருந்தது. உள்ளே நின்ற கணவன், ஒரு கிழவர், வெளியே ஓடிவந்தார். சுவரில் தொங்கிய உலகப் படத்தில் மாவு ஒட்டிய விரலால் லிஸ்பனில் தொடங்கி, ஆப்பிரிக்காவின் கரையோரமாக இறங்கி, முனையைச் சுற்றி, இந்தியாவைத் தொட்டு, எங்கள் தீவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“மிளகுக்கும் கறுவாவுக்கும் வழி தேடிப் போனார்கள். இவ்வளவு காலம் கழித்து எங்கள் பிள்ளை திரும்பி வந்திருக்கிறாள்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீயுமா?” என்று கேட்டார்.

“இல்லை, இவள் தமிழ்” என்றாள் என் சிநேகிதி.

அவளுக்கு அடுப்பிலிருந்து சுடச்சுட ஒரு முட்டைப் பணியாரம் வந்தது. எனக்குக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்று. அந்தக் கப்பல்கள் என் கரைக்கும்தானே வந்தன என்று நினைத்தபடி அதைத் தின்றேன்.

அதன்பின் அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் அவர்களுடையவை ஆகின. நான் வீட்டில் இருந்து எங்கள் தமிழில் கலந்து கிடக்கும் போர்த்துக்கீசுச் சொற்களை யோசித்து யோசித்துச் சேர்த்தேன். அடுத்த முறை போனபோது கடைக்காரியிடம் சொன்னேன்: கதிரை, வாங்கு, சப்பாத்து, அலுமாரி, பாண்.

கடைக்காரி கைதட்டினாள். “எல்லாம் நாங்கள் அங்கே விட்டுவிட்டு வந்தவை.”

என் அம்மா உட்கார்ந்திருந்த கதிரையும் இவர்களுடையதா என்று எனக்கு எரிந்தது.

சில மாதங்களில் என் சிநேகிதி பக்டரியை விட்டு அந்தக் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். கோடையில் அவர்களுடைய தேவாலய மண்டபத்தில் விழா வந்தது. “நீயும் வாவன்கா, நான் ஆடப்போறன்” என்று ஊர்ப்பேச்சில் கூப்பிட்டாள். போனேன்.

அவள் ஆடியது மட்டக்களப்பில் அவளுடைய தெருக் கலியாணங்களில் ஆடுகிற ஆட்டம். மண்டபத்தில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. கைதட்டு எங்கெங்கோ தவறி விழுந்தது. அவள் நடுவில் நின்று என்னைத் தேடினாள்.

“இஞ்ச வாகா. இவங்களுக்குத் தாளம் பிடிபடுதில்லை.”

ஊரில் அந்தக் கலியாணங்களில் கேட்டுப் பழகிய தாளத்தை நான் முன்னால் போய்த் தட்டினேன். பாட்டு முடியும்வரை அவள் என்னைத்தான் பார்த்து ஆடினாள். முடிந்ததும் கிழவர் அவளைத் தோளில் அணைத்துத் தங்கள் மேசைக்குக் கூட்டிப்போனார். அந்த மேசை நிரம்பியிருந்தது. நான் மெட்ரோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

அவள் பிறகு அந்தப் பக்கமே வீடு மாறிவிட்டாள். இப்போதும் போனில் கதைப்போம். அங்கே அவளுக்குப் பின்னால் யாராவது அவளைப் போர்த்துக்கீசில் கூப்பிடுவது கேட்டால், நான் கதையை இன்னும் கொஞ்சம் இழுப்பேன்.