வீட்டுக்கு எடுத்து வைத்த மஞ்சள்

எங்கள் தோட்டத்து மஞ்சளை வேகவைத்துக் காயவைத்த பிறகு, கொல்லங்கோட்டுக்கு அப்பால் ஒரு கொட்டகையில் பாலிஷ் போடக் கொடுப்பேன். இரும்பு டிரம்முக்குள் உருண்டு தோல் போனதும் கொட்டகைக்காரர் நிறுத்துவார். எல்லோரிடமும் கேட்பதையே என்னிடமும் கேட்பார்.

"ஊட்டுக்கு எத்தனைங்க?"

சொன்ன அளவைத் தனிச் சாக்கில் போட்டுவிட்டு, மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்வார். பெயர் எதுவும் அச்சடிக்காத பாக்கெட்டிலிருந்து மஞ்சள் நிறப் பொடியை டிரம்முக்குள் தூவி மறுபடி சுற்றுவார். சந்தையில் அந்தப் பளபளப்பைத்தான் கேட்டார்கள். அது என்ன பொடி என்று நான் விசாரித்ததில்லை. துண்டைப் பார்த்தேன், வீட்டுச் சாக்கைத் தனியாகக் கட்டி வந்தேன். அந்த அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

போன வருடம் லாரி வரத் தாமதமாகி, மூட்டைகள் இரண்டு வாரம் வீட்டிலேயே கிடந்தன. என் மனைவி இரண்டு வகையையும் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் தங்கமாட்ட அனுப்பறீங்க, நம்மூட்டுக்கு மட்டும் கழிசலா?"

"நமக்கு இது போதும்."

"பெத்த புள்ளைக்குமா இந்தக் கஞ்சத்தனம்?"

சிரித்து மழுப்பினேன். காரணத்தைச் சொன்னால், லாரியில் போவதை யார் தின்பார்கள் என்று அடுத்துக் கேட்பாள்.

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. பருப்புச் சோறு பிடிக்கும். சில மாதங்களில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். உதடு வெளுத்தது. பூச்சி மருந்து கொடுத்தோம். அதுவரை சொல்லிக்கொண்டிருந்த 'காக்கா' என்ற சொல் நின்றது. பிறகு 'தண்ணி' நின்றது.

கோயமுத்தூரில் ஒரு குழந்தை மருத்துவர் ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். ரத்தத்தில் காரீயம் இருந்தது. சுவர்ப் பூச்சு, கண்மை, பாத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் சமையலறைப் பொடிகளைச் சோதனைக்குக் கொண்டுவரச் சொன்னார். ஒரு சிறிய டப்பா மஞ்சள் பொடியில்தான் காரீயம் இருந்தது.

"அது கடையில வாங்கினதில்லீங்க டாக்டர், எங்க தோட்டத்து மஞ்சள்," என்றாள் மனைவி. "பாப்பாவுக்குன்னு லாரிக்கு வெச்சிருந்த மூட்டையில இருந்து நல்லதாப் பாத்துப் பொறுக்கி, நானே இடிச்சு வெச்சதுங்க."

இனி அதை நிறுத்தினால் ரத்தத்தில் காரீய அளவு இறங்கும், ஆனால் பேச்சு எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்.

"நம்முளுக்கு மட்டும் எதுக்குத் தனிச் சாக்கு?"

சொன்னேன். துண்டு, பாக்கெட், எல்லாவற்றையும். அவள் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

மூட்டைகளை வாங்கிய வியாபாரியை அன்றே போனில் கூப்பிட்டு, சரக்கு எங்கே என்று கேட்டேன்.

"அது அப்பவே அரைவைக்குப் போயிருச்சுங்க. எந்தெந்த ஊருக்குப் போச்சுன்னு நான் எதைக் கண்டேன்?"

மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

இப்போது மகளுக்குத் தாகம் எடுத்தால் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வருவாள். நேற்று என்னிடம் வந்து நீட்டினாள். டம்ளரை வாங்கிக்கொண்டேன். "தண்ணி சொல்லு கண்ணு," என்றேன். என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி சொன்னேன். உதடு அசையவில்லை.

அடுப்படியிலிருந்து வந்த மனைவி என் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள்.

"நீங்க ஒண்ணும் குடுக்க வேண்டாம்."